குழுவில் மிஞ்சியவர்

பூங்காவில் காலையில் நடப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. யார் கேட்டாலும் மறுக்காமல் எண்ணை வாங்கிச் சேர்த்துவிடும் தணிகாசலம்தான் அதற்கு அட்மின். அமைச்சரின் மருமகன் ஏரியில் மண் கொட்டுவதைப் பற்றி யாரோ ஒரு பதிவைப் போட, இரண்டு நாளாக அங்கே ஒரே சண்டை. வாயைத் திறந்தாலே குற்றமா என்றது ஒரு பக்கம். எதற்கும் ஓர் அளவு உண்டு, அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்காது என்றது இன்னொரு பக்கம்.

மூன்றாம் நாள் காலை தணிகாசலத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "அட்மின் நீங்கதானே? பதினோரு மணிக்கு வந்துட்டுப் போங்க. சும்மா விசாரிக்கத்தான் சார்." குரலில் அவ்வளவு மரியாதை. போனை வைத்த கையோடு தணிகாசலம், துணைக்கு யாராவது வர முடியுமா என்று குழுவில் எழுதினார்.

எல்லோரும் படித்துவிட்டதாக நீலக் குறி விழுந்தது. பிறகு ஒவ்வொருவராக வெளியேறத் தொடங்கினார்கள். பேச்சுரிமைக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதிய வக்கீல் பரமானந்தம்தான் முதல் ஆள். பத்தரை மணிக்குத் தொண்ணூற்றிரண்டு பேரில் தணிகாசலமும் இன்னொரு எண்ணும் மட்டுமே மிச்சம். அதற்குப் பெயரில்லை, படமில்லை. மூன்று வருஷத்தில் பொங்கல் வாழ்த்தைத் தவிர அந்த ஆள் எதுவும் போட்டதில்லை. ஒரு மனுஷனாவது நின்றானே என்று அவருக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்லலாமென்று எண்ணைத் தொட்டார். பழைய அழைப்புகள் விரிந்தன. ஸ்டேஷனிலிருந்து பேசியதும் அதே எண்தான்.

விரலை எடுப்பதற்குள் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"இப்ப நாம ரெண்டு பேர்தானே சார். தாராளமா பேசுங்க."