அடைப்பு எடுத்த குழாய்

சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த வளைந்த குழாய்க்கு அன்று ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. வீட்டுக்காரர் அதைக் கழற்றி, வாளியில் கவிழ்த்து, கம்பியை விட்டுக் குடை குடை என்று குடைந்தார். சோற்றுப் பருக்கை, புளிச் சக்கை, அப்பளம் பொரித்த எண்ணெயில் உறைந்துபோன கஞ்சி எல்லாம் கட்டி கட்டியாக விழுந்தன.

மறுபடி மாட்டியதும் தொட்டி மேலேயிருந்து ஆரம்பித்தது. "நீ வளைஞ்சு நெளிஞ்சு கிடக்கிறதாலதான் அடைக்குது. என்னைப் பாரு, ஒரு கறை உண்டா?"

குழாய்க்குப் பொறுக்கவில்லை. "வாயை மூடு! நீ பளபளன்னு இருக்க என் கழுத்துதான் கிடைச்சுதா? உன் ஓட்டையில சல்லடை ஒழுங்கா உட்கார்ந்து எல்லாத்தையும் தடுத்துக்கிட்டு இருந்துச்சு. எச்சில் சோத்தைத் தேக்கி என் அழகைக் கெடுக்குதுன்னு புலம்பிப் புலம்பியே நீதானே அதைக் கழட்ட வெச்ச!"

"அதான் சுத்தம் பண்ணியாச்சுல்ல? சத்தம் போடாம வேலையைப் பாரு."

"உனக்கு வெட்கமே இல்லையா? ஒரு பாவமும் அறியாததைத் தூக்கி மூலையில போட்டுட்டு..."

ஜன்னலோரம் துருப்பிடித்துக் கிடந்த சல்லடை அப்போதுதான் பேசியது. "குழாய் அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னைக் கழட்டின அன்னைக்கு, 'அப்பாடா, இனிமே தண்ணி சர்ருன்னு இறங்கும்'னு கீழேயிருந்து சந்தோஷப்பட்டது யாரு?"

குழாயின் தொண்டையில் இப்போது ஒரு பருக்கைகூட இல்லை. ஆனாலும் பதில் வரவில்லை.