எறும்பு படித்த புத்தகம்

"அண்ணே, எறும்புங்ககூட கதை படிக்குமா?"

தங்கை அந்தோணிமேரி சிறுவயதில் கேட்ட கேள்வியைத் திண்டிவனம் லூர்துநாதன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். "அவ படக்கதைப் புக்குல அதிரசத்த ஒளிச்சு வெச்ச திருடன் நான். புக்கு அவளோடதுன்னு அடி வாங்கினது அவ!"

சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. விழுப்புரத்திலிருந்து தங்கையின் மருமகள் ஆஷ்லின் கேட்டாள்: "மாமா, காலைல எங்க வூட்டுக்கு வந்தீங்களே, ஃபாதருக்கு எடுத்து வெச்ச அதிரசத்துல ரெண்டக் காணோம். அதுவும் நீங்கதானா?"

லூர்துநாதன் உடனே பதில் தட்டினார்.

"நானேதாம்மா. அறுபத்தெட்டு வயசாகியும் கை அடங்கல."

"ஃபாதர் பங்கையே தின்னுட்டீங்களா? பெரிய பேஜாரு மாமா நீங்க!"

லூர்துநாதன் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். காலையில் அவர் அந்த டப்பாவைத் தொடவே இல்லை. தங்கையின் ஜெபப் புத்தகத்துக்குள் வரிசையாகப் போன எறும்புகளைத்தான், யாரும் பார்க்காதபோது ஊதிவிட்டு வந்திருந்தார்.