ஏழாவது கீபோர்டு

“ஏன்டி, இது போனா, செங்கல்லா? தூக்கவே ஒரு ஆள் வேணும் போலிருக்கே!”

ஆரம்பமே அடி. ஆனாலும் கைப்பேசி வடிவமைக்கும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோபாவில் நாத்தனாரோடு தோள் உரச உட்கார்ந்து, அவர் கையிலிருந்த மாதிரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளினால் போதும், போனுக்கு அடியிலிருந்து இழுப்பறை போலக் கீபோர்டு வெளியே வரும். இது ஏழாவது மாதிரி. முந்தைய ஆறையும் நாத்தனார் இரண்டே நிமிடத்தில் மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

“இதுவும் சரிப்படலைன்னா நாளைக்கு இந்த வேலையையே நிறுத்திடுவாங்க அண்ணி. ‘கண்ணாடித் திரையே போதுமே, பட்டன் யாருக்கு வேணும்?’னு மேனேஜர் கேக்கறார்.”

“அவருக்கென்ன, கேப்பார். கண்ணாடியில நான் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போயிடறீங்க.”

“சரி, இது எப்படி இருக்கு?”

“வழுக்கிட்டு வருது. பட்டனும் மெத்துன்னு இருக்கு. ஆனா மெய்யெழுத்துப் புள்ளியை ஏன்டி அந்தக் கோடியில கொண்டுபோய் வெச்சே? ஒவ்வொரு வார்த்தைக்கும் என் கட்டைவிரல் வெளியூர் போயிட்டு வருது!”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஏழு மாதிரியிலும் அதே தப்பு! அலுவலகத்தில் சோதித்தவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை தட்டிவிட்டு, ‘பிரமாதம்’ என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

கொண்டை ஊசியால் புள்ளிப் பட்டனை நெம்பி எடுத்தாள். வலது கட்டைவிரல் தானாக வந்து நிற்கும் இடத்தில் பொருத்தினாள். மடிக்கணினியில் இரண்டு வரி மாற்றினாள்.

“இப்பப் பாருங்க.”

கட்டைவிரல்கள் பரபரவென்று ஓடின.

“அடடே, இப்பத்தான் வீட்டோட இருக்கு! இரு, இரு. போன மாசம் என் மூக்குக்கண்ணாடி மேல உட்கார்ந்தியே, அந்தத் திட்டு இன்னும் பாக்கி. வாங்கிக்கோ!”

“எல்லாத்தையும் இன்னிக்கே தீர்த்துடுங்க அண்ணி,” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண் ஏனோ கலங்கியது. ‘கடவுளே, எனக்கு இது போதும்’ என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கணவன் எட்டிப் பார்த்தான்.

“என்னம்மா, கால் மணி நேரமா உன் குரல் மட்டும்தான் கேக்குது. போன்ல யாரோட பேசிட்டிருக்கே?”

அவள் நாத்தனாரின் கையோடு போனை அவன் பக்கம் திருப்பினாள்.

தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரல் போய், பதினோரு மாதமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த அவன் அக்காவின் பேச்சு, திரை முழுக்க வழிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் புதிதாக ஒரு வரி ஓடி வந்தது:

“குறுக்கே பேசாதடா தம்பி, நான் இன்னும் முடிக்கலை.”