பத்தாவது படம்

பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே சஹரின் கை பச்சைக் கட்டையை எடுத்துவிட்டது.

பிரேமினி அதைக் கவனித்துவிட்டாள். பதினான்கு வருடமாகப் பிள்ளைகளின் கையையும் கண்ணையும் பார்த்து அவர்களின் கற்கும் திறனை அளப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு.

இன்றைக்கு இது ஐந்தாவது பிள்ளை. பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் ஏர்கோன் சத்தம் மட்டும் போட்டது, குளிரவில்லை. கீழே ஒரு புண்ணியவான் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தலை வலித்தது. சனிக்கிழமையாவது மனிதர்கள் சும்மா இருக்கக் கூடாதா?

படத்தைப் பார்த்து அதே மாதிரி பச்சை, மஞ்சள் கட்டைகளை அடுக்க வேண்டும். அதுதான் சோதனை. இரண்டு வருடத்துக்கு முன் இதே நாற்காலியில் ஒன்பது படம் காட்டியதில் சஹருக்கு இரண்டுதான் வந்தது.

இப்போது எட்டாவது படத்தை ஒன்பது விநாடியில் முடித்தாள். ஒன்பதாவதைப் படத்தைச் சரியாகப் பார்க்காமலேயே அடுக்கி முடித்தாள்.

முதலில் பிரேமினிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தேகம் பிறகுதான் வந்தது.

"சஹர், இதே கட்டைய வேற எங்கயாச்சும் அடுக்குனியாம்மா?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மறைக்கத் தெரியவில்லை. "ஆமா ஆன்டி. இங்க ரெண்டு வந்துச்சு. செந்தூல்ல ஒரு ஆன்டிகிட்ட நாலு. சுங்கை வேயில ஒரு அங்கிள்கிட்ட ஏழு. இன்னிக்கு ஒம்போதும் வந்துருச்சு!"

போச்சு.

இந்தச் சோதனையை ஒருமுறை வைத்தால் இரண்டு வருடத்துக்குத் திரும்ப வைக்கக் கூடாது. வைத்தால் வருவது அறிவு இல்லை, வெறும் ஞாபகம். அந்த எண்ணைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும்.

இடையில் வேறெங்கும் பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை என்று சற்று முன்புதான் அப்பன் கையெழுத்துப் போட்டிருந்தார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தான் டாக்டர் இல்லை என்று பிரேமினி எத்தனை தடவை சொன்னாலும் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"இந்த வாட்டி நல்ல நம்பர் வரும்லா டாக்டர்," என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை அறிக்கை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். எண் நன்றாக இருந்தால் சஹர் தன் வகுப்பிலேயே, தன் கூட்டாளிகளோடு இருப்பாள். இல்லாவிட்டால் மேரு பக்கம் வேறு பள்ளி, சிறப்பு வகுப்பு, வேறு பஸ். அதற்குப் பயந்துதான் மனுஷன் பிள்ளையை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

பாவம்தான். ஆனாலும் பிரேமினிக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு முழு மத்தியானம் வீண். இனி அந்த முகத்தைப் பார்த்து 'செல்லாது' என்று சொல்ல வேண்டியது அவள் தலையெழுத்து.

சரி, ஆரம்பித்ததை முடித்துத் தொலைப்போம் என்று பத்தாவது பக்கத்தைத் திருப்பினாள். நன்றாகச் செய்கிற பிள்ளைகளுக்கு மட்டும் காட்டுகிற படம் அது.

சஹர் படத்தைப் பார்த்தாள். கட்டைகளைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது புதுசு ஆன்டி. இன்னும் ரெண்டு வாட்டி காட்டுனீங்கன்னா வந்துரும். வீட்ல நான் வெட்டுத்துணிய வச்சு அடுக்கிப் பார்ப்பேன்."

"திரும்பக் காட்டக் கூடாதும்மா," என்றாள் பிரேமினி. பதினான்கு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை தானாகவே வாயில் வந்துவிடும்.

அறிக்கைத் தாளை இழுத்து, 'முடிவு செல்லாது' என்று எழுதினாள். காரணமும் போட வேண்டும், பழைய சோதனையின் தேதியும் போட வேண்டும். சஹரின் பழைய கோப்பை எடுத்துத் திறந்தாள்.

தேதிக்குக் கீழேயே அந்த வரி இருந்தது. 'புதியவற்றைக் கற்று மனத்தில் நிறுத்திக்கொள்ளும் திறன் இந்தப் பிள்ளைக்கு இல்லை.' இதை நம்பித்தான் பள்ளிக்கூடம் சஹரை மாற்றப் பார்க்கிறது.

வரிக்குக் கீழே நீல மையில் கையெழுத்து. பிரேமினி தியாகராசா.

அன்றைக்கும் அவளுக்குத் தலைவலியாக இருந்திருக்கும். அன்றைக்கும் ஐந்தாவது பிள்ளையாக இருந்திருக்கலாம். அடக் கடவுளே, அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா?

கீழே ஹாரன் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

'முடிவு செல்லாது' என்பதை அவள் அடிக்கவில்லை. அது செல்லாதுதான். அதற்குக் கீழே, எண் போடுகிற கட்டத்துக்கு வெளியே, நான்கு தடவையும் சஹருக்கு வந்ததை 2, 4, 7, 9 என்று வரிசையாக எழுதினாள். பள்ளிக்கூடத்தில் இதை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்? படிக்க வைக்க வேண்டும். திங்கட்கிழமை நேரிலேயே போக வேண்டியதுதான். இன்னொரு நாள் வீண்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. ஜெய்னுதீன் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"முடிஞ்சிருச்சா டாக்டர்?"

பிரேமினி நிறுத்துக் கடிகாரத்தை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டாள். பத்தாவது படத்தைச் சஹருக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

"உட்காருங்க அண்ணே," என்றாள். "இன்னும் ரெண்டு வாட்டி காட்டணும்."