பெயர் போடாத நாடகம்

“அங்கேயும் நம்ம வீட்டு சோப்பையே வாங்கி வெச்சிருக்கேன். வாசனை மாறினா என் பொண்டாட்டிக்கு மூக்குல வேர்த்துடும்.”

வசனத்தைப் படித்து முடித்த மருந்துக்கடைக்காரருக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

நூலக மாடியில் மேஜைகளை ஒட்டிப்போட்டு, சுற்றி உட்கார்ந்து ஒரு புது நாடகத்தைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர், பஸ் டிரைவர், பாட்டு டீச்சர் என்று எல்லாரும் உள்ளூர்க் கலைஞர்கள். தாள்கள் அங்கேயே காட்சி காட்சியாகத்தான் கைக்கு வரும். எழுதியது யார் என்பதை இயக்குநர் கடைசியில்தான் சொல்வார். முகதாட்சண்யம் பார்க்காமல் குறை சொல்ல வேண்டும் அல்லவா.

கணவன் வேஷம் மருந்துக்கடைக்காரருக்கு. மனைவி வேஷம், பக்கத்தில் இருந்த அவருடைய சொந்த மனைவிக்கே.

“நிஜ ஜோடின்னா பொருத்தமா இருக்கும்,” என்றிருந்தார் இயக்குநர்.

பொருத்தம் கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. நாடகக் கணவன் புதன்கிழமைதோறும் ஆபீஸில் வேலை என்று புளுகிவிட்டு இன்னொருத்தியைப் பார்க்கப் போனான். மருந்துக்கடைக்காரர் வெள்ளிக்கிழமைதோறும், சரக்குக் கணக்கெடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனவர். கிழமைதான் வேறு. சோப்பு உட்பட மற்றதெல்லாம் அச்சு அசல்.

“இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீங்க?” என்று மனைவி படித்தாள்.

முதல் தடவை படிப்பதால் எல்லாருமே அங்கங்கே தடுமாறினார்கள். அவள் மட்டும் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. எழுதியது இவள்தான். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, நாலு பேர் நடுவில் என் வாயாலேயே படிக்க வைக்கிறாள்.

“நான் உனக்குத் துரோகம் பண்ணலை,” என்ற வசனத்தைப் படிக்கும்போது அவர் கண் தாளை விட்டு மனைவி பக்கமே ஓடியது.

“பிரமாதம் சார்,” என்றார் பஸ் டிரைவர். “அசல் திருட்டு முழி.”

“டீ குடிச்சிட்டு வாங்க. கடைசிக் காட்சியில ஆளு மாட்டிக்கிறான்,” என்று இயக்குநர் எழுந்தார்.

மாட்டிக்கொள்வதைவிட முந்திக்கொண்டு காலில் விழுவதே மேல் என்று மருந்துக்கடைக்காரருக்குப் பட்டது. இவள் விட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டில் தன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

மாடிப்படி ஜன்னலருகே அவள் தனியாக நின்றிருந்தாள். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா,” என்றார். “வெள்ளிக்கிழமை நான் கணக்கெடுக்கப் போகலை. ஒருத்தி இருந்தா. போன மாசத்தோட தலைமுழுகிட்டேன். நீ என்ன தண்டனை வேணாலும் குடு. கடைசிக் காட்சி மட்டும் வேண்டாம். எல்லார் முன்னாலயும் என் மானத்தை வாங்கிடாதே.”

அவள் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டவில்லை. முகம்தான் வெளுத்துக்கொண்டே போனது.

“நான்தான் எழுதினேன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“நீ தடுமாறவே இல்லையே.”

“எழுதினது நான்தான்,” என்றாள் மெதுவாக. “ஆனா நீங்க இப்போ சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது.”

“பின்னே, நாடகத்துல வர்ற அந்த ஆளு யாரு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஆளு இல்லைங்க. யாருக்கும் சந்தேகம் வந்துடக்கூடாதேன்னு, என்னைத்தான் ஆம்பளையா மாத்தி எழுதினேன்.”