திங்கட்கிழமைக் கோளாறு

அவள் எழுதிய எம்பிராய்டரி மென்பொருளுக்குள் கட்டளைகளை வரிவரியாகப் படித்து இயக்கும் ஓர் இன்டர்ப்ரெட்டர் இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் சமர்த்தாக ஓடும் அது, ஒரு பழைய ரகத்தில் மட்டும் மக்கர் பண்ணியது. அந்த ரகம் வைத்திருந்தவர் ஒரே ஒரு தையல்கடைக்காரர்.

திங்கள்தோறும் போன் செய்வார். அவளும் ஏதாவது ஒட்டுப்போட்டு ஓட வைப்பாள். முழுசாகச் சரிசெய்ய மனம் வரவில்லை. அவளைத் தேடி வரும் ஒரே குரல் அது.

மேலாளர் கடிந்துகொண்டார். கோளாறை அடியோடு தீர்த்தாள். அது நிற்கும்போது திரையில் வரும் பிழைச்செய்தியையும் அழித்துவிட்டு, புதுப் பதிப்பை இங்கிருந்தே அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

திங்களன்று போன் அடித்தது.

"மறுபடி நின்னுடுச்சும்மா."

"திரையில என்ன வருது சார்?"

அவள் அழித்திருந்த அதே செய்தியை அவர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"பெரிய கோளாறுதான் சார். அவசரமில்ல, முதல்லேருந்து சொல்லுங்க."