மூன்று தூக்கு மொச்சைக் குழம்பு

"தூ! இதெல்லாம் ஒரு குழம்பாய்யா? மாட்டுக்கு வெக்கிற கழனித்தண்ணி கூட இதைவிட வாசனையா இருக்கும்!"

கோபால்சாமி பலாமரத்தடியில் துப்பிவிட்டு, செம்புத் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளித்தார். துப்பப்பட்டது வாத்தியார் ராஜவேலு வீட்டு மொச்சைக் குழம்பு. ராஜவேலுவோ, தன் பெல்பாட்டத்தில் தெறித்துவிட்டதே என்று குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

மலைமேல் புளி கொள்முதல் கிடங்குக்குப் பின்னால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் 'நளபாக ரசிகர் வட்டம்' அது. கிடங்கு குமாஸ்தா கோபால்சாமி, வாத்தியார் ராஜவேலு, ரோடு மேஸ்திரி லட்சுமணன் என்று மூன்றே உறுப்பினர்கள். மூவரும் வரிசையாக இருந்த மூன்று வீடுகளில் குடியிருந்தார்கள். மூவருக்குமே அடுப்பை எந்தப் பக்கம் நின்று ஊதுவது என்று தெரியாது. அதனால் என்ன? அவரவர் வீட்டுப் பதார்த்தத்தைத் தூக்கில் கொண்டுவந்து, அதற்குப் பக்குவம் சொல்லி, அடுத்தவன் வீட்டுச் சமையலை நாறடிக்க அடுப்படி அனுபவமா வேண்டும்?

"பக்குவம் சொல்லுங்க வாத்தியாரே. எந்த எடத்துல கெட்டுச்சின்னு நான் சொல்றேன்" என்றார் கோபால்சாமி.

"ஒண்ணும் கெடல. பச்ச மொச்சை, புதுப் புளி. வடகம் போட்டுத் தாளிச்சது. என் சம்சாரம் கன்னியம்மா கையால வெச்சா தெருவே மணக்கும்."

"புதுப் புளி! அதானே பார்த்தேன், பல்லு கூசுது. நம்ம வூட்ல உப்புப் போட்டு வெச்ச பழைய புளிதான். தாளிக்கிறது கடுகும் வெந்தயமும். இந்தாங்க, ஒரு வாய் போட்டுப் பாருங்க. அப்பவாவது நாக்குக்குப் புத்தி வருதான்னு பார்ப்போம்."

ராஜவேலு ஒரு கரண்டி வாங்கிச் சாமைச் சோற்றில் பிசைந்தார். வாயில் வைத்ததும் விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி முகம் கோணிப்போனது.

"சேச்சே! மண்ணு வாடை அடிக்குதுய்யா. பழைய புளியா இது? செத்த புளி!"

லட்சுமணன் இருவரையும் பார்த்து இளக்காரமாகச் சிரித்தார். "ரெண்டுமே வேலைக்காவாது. நம்ம வூட்டுக் குழம்பைப் பாருங்க. நல்லெண்ணெய் மெதக்குது பாருங்க. அதான் பக்குவம்."

"ரோட்டுக்குத் தார் ஊத்துற வம்சமாச்சே, வூட்லயும் அதையே ஊத்துறாங்க" என்றார் கோபால்சாமி. நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு அதையும் துப்பினார்.

அவருக்கு இது காலையிலேயே தெரிந்த சங்கதி. பனியில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோதே பார்த்தார். மூன்று வீடுகளில் அவர் வீட்டுக் கூரையில் மட்டும்தான் புகை. மற்ற இரண்டு வீட்டு அடுப்பும் வெயில் ஏறும்வரை பற்றவே இல்லை. சோம்பேறிப் பொம்பளைகள், கடைசி நேரத்தில் எதையோ கொதிக்க விட்டு ஊற்றி அனுப்பினால் குழம்பு எங்கே விளங்கப் போகிறது!

ஆனால் 'மண்ணு வாடை' என்று அந்த வாத்தியார் சொன்னானே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. போதாததற்கு மேஸ்திரியும் தலையை ஆட்டினான். கோபால்சாமி காலித் தூக்கை விரலில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

நீலாவதி நல்ல புடவை கட்டி, பையோடு வாசலில் நின்றிருந்தாள். மறுநாள் ஒடுகத்தூரில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. சாயங்கால பஸ்ஸை விட்டால் அன்றைக்கு மலையிலிருந்து இறங்க வேறு வழி கிடையாது. 'இன்னிக்கு வட்டத்துல என் மானத்தைக் காப்பாத்தினாத்தான் பஸ்ஸு' என்று காலையிலேயே சொல்லியிருந்தார் கோபால்சாமி. போன தடவை அவள் பணியாரத்தைப் பார்த்து மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள் என்று, அண்ணன் பிள்ளை காதுகுத்துக்கே அவளை அனுப்பாத மகராசன் அவர்.

"இன்னாங்க சொன்னாங்க?"

"மண்ணு வாடையாம்! நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டானுங்க. பையை உள்ள வை. ஊரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

நீலாவதி அழவில்லை. பையைக் கீழேயும் வைக்கவில்லை.

"அவங்க சொல்றது கெடக்கட்டுங்க. நீங்க துன்னீங்களே, நம்மளுது எப்படி இருந்துச்சி?"

"நம்மளுதுக்கு இன்னாடி, தேவாமிர்தம்! அவனுங்க வூட்டுது ரெண்டும் தொட்டி கழுவின தண்ணி. வாயில வெக்க முடியல, துப்பிட்டேன்."

"நெஜமாவே துப்பிட்டீங்களா?"

"பின்ன? என் நாக்கு இன்னா நாக்குன்னு நெனச்சே? ஒரு சொட்டு போதும், யார் கைப்பக்குவம்னு சொல்லிடுவேன். அந்த ரெண்டு பேர் முன்னாடி என் தலை குனிஞ்சிதே, அது உன்னாலதான். நீ போவக்கூடாதுன்னா போவக்கூடாது."

பக்கத்து வீட்டு வாசலில் கன்னியம்மாளும் மேஸ்திரி சம்சாரமும் நின்றிருந்தார்கள். இருவரும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

நீலாவதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெகு பணிவாகக் கேட்டாள்:

"சரிங்க, போவல. மூணு தூக்குலயும் நான் ஊத்தினது ஒரே சட்டிக் குழம்புதான்னு மட்டும் அந்த ரெண்டு பேராண்டயும் போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுங்களா?"